தொடக்கப் பள்ளியில் கால்பந்து கற்பிக்கும் முறை

தொடக்கப் பள்ளியின் கால அட்டவணையில் மொழிக்கும் கணக்கிற்கும் ஒரு முறை உண்டு, நூல் உண்டு, எதற்குப் பின் எதைக் கற்பிப்பது என்னும் வரிசை உண்டு. 'விளையாட்டு' என்று குறிக்கப்பட்ட பாடவேளைக்கு மட்டும் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றும் இல்லை. ஒரு பந்தைக் கையில் கொடுத்து, "போய் விளையாடுங்கள்" என்று அனுப்பிவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது. கூட்டலும் கழித்தலும் கற்பியாமல், ஒரு சுண்ணக்கட்டியைக் கையில் கொடுத்து, "போய்க் கணக்குப் போடுங்கள்" என்று எந்த ஆசிரியரேனும் சொல்லுவாரா? சொல்லமாட்டார். கணக்குக் கற்பிக்கப்பட வேண்டியது என்று நாம் ஒப்புகிறோம்; விளையாட்டுத் தானே வரும் என்று நம்புகிறோம். இந்த நம்பிக்கை தவறானது என்பதையும், கால்பந்துத் திறன்களைச் சிறு குழந்தைகளுக்குப் படிப்படியாகக் கற்பிக்க ஒரு முறை உண்டு என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் சங்கத்தினருள் ஆசிரியராகப் போகிறவர் பலர். மானசகங்கோத்ரியில் 1963-ஆம் ஆண்டு தோன்றிய மண்டலக் கல்வியியல் நிறுவனம் தென்மாநிலங்கள் அனைத்திற்கும் உரியது. அதனால் தமிழ்நாட்டு மாணவரும் அங்கே ஆசிரியப் பயிற்சி பெறுகின்றனர். என் பயிற்சிக் காலத்தில் மைசூர் நகரின் தொடக்கப் பள்ளி ஒன்றில் பத்து வாரம், வாரத்திற்கு இரண்டு பாடவேளை, நான்காம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கால்பந்து கற்பிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஆக இருபது பாடங்கள். அவற்றில் கண்டதையும், இத்துறை அறிந்தோர் பொதுவாக ஒப்புக்கொள்ளும் முறைகளையும் சேர்த்தே ஈண்டு எழுதுகிறேன்.

கண்ட நிலை

வகுப்பில் நாற்பது குழந்தைகள். அவர்களுள் பதினெட்டுப் பேர் சிறுமியர். பள்ளியில் இருந்தது ஒரே பந்து. நான் பொறுப்பேற்கும் முன் ஒரு நாள் ஓரமாக நின்று பார்த்தேன். வலிமையுள்ள பத்துச் சிறுவர்கள் பந்தைச் சூழ்ந்து ஓடினார்கள். மற்றச் சிறுவர்கள் அவர்களைச் சுற்றி ஓடினார்கள். பந்து அவர்கள் பக்கம் வரவே இல்லை. சிறுமியர் திண்ணைப் படியில் வரிசையாக அமர்ந்து, முடிந்தால் கதை பேசினார்கள். முடியாவிட்டால் வேடிக்கை பார்த்தார்கள். அவர்களை அழைப்பாரும் இல்லை. அவர்கள் வருவோம் என்று கேட்கவும் இல்லை.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஆட்டம் முப்பது நிமிடம் நடப்பதாகக் கொள்வோம். அதாவது 1,800 விநாடி. நாற்பது பேருக்கு ஒரு பந்து என்றால், எல்லாருக்கும் சரிசமமாகப் பங்கிட்டாலும் ஒருவர்க்குக் கிடைப்பது 45 விநாடியே. உண்மையில் பங்கு சமமாகவா இருக்கிறது? பத்துப் பேர் அதனையும் எடுத்துக்கொள்கிறார்கள். பத்துப் பந்துகள் இருந்து, நால்வருக்கு ஒரு பந்து என்று பிரித்தால், ஒருவர்க்கு 450 விநாடி கிடைக்கும், ஏழரை நிமிடம்! பத்து மடங்கு. எழுதுகோலைத் தொடாதவனுக்கு எழுத்து வராது. பந்தைத் தொடாதவனுக்குப் பந்தாட்டம் வராது. ஆகவே, தொடக்கப் பள்ளிக் கால்பந்தின் முதல் விதி, 'ஒவ்வொரு குழந்தையின் காலும் பலமுறை பந்தைத் தொட வேண்டும்' என்பதே. இக்கட்டுரையில் பின்னர் வருவன அனைத்தும் இந்த ஒரு விதியின் விரிவே ஆகும்.

'இதற்கெல்லாம் உடற்கல்வி ஆசிரியர் இல்லையா?' என்று கேட்கலாம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். பள்ளிதோறும் விளையாட்டிடம் வேண்டும் என்கிறது. வகுப்பிற்குத் தேவையான விளையாட்டுக் கருவிகள் வேண்டும் என்கிறது. ஆனால், உடற்கல்விக்கெனப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று அது கூறுவது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையில், அதுவும் மாணவர் எண்ணிக்கை நூற்றுக்கு மேற்பட்ட இடத்தில்தான். ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு அவ்வாறு கூறவில்லை. எனவே, சிறு குழந்தைகளின் விளையாட்டு வகுப்பாசிரியரின் கையில்தான் இருக்கிறது. அவ்வகுப்பாசிரியர் நாளை நாமே. கால்பந்து ஆடியறியாதவரும் இதனைக் கற்பிக்க முடியுமா என்றால், முடியும். முறை தெரிந்தால் போதும்.

இம்மண்ணும் கால்பந்தும்

கால்பந்து இம்மாநிலத்திற்குப் புதியதன்று. 1863-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் விதி வகுக்கப்பட்ட இவ்வாட்டம், பாளையப் பட்டாளத்தாரால் பெங்களூருக்கு வந்து, அங்குள்ள தெருக்களில் வேரூன்றியது. தேசியப் போட்டியான சந்தோஷ் கோப்பையை மைசூர் மாநில அணி 1946-47, 1952-53, 1967-68, 1968-69 ஆகிய நான்கு முறை வென்றது. மாநிலம் கர்நாடகம் என்று பெயர் மாறிய பின், 2023 மார்ச்சுத் திங்களில் சவூதி நாட்டின் ரியாத் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் மேகாலயத்தை 3-2 என்று வென்று, ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் அக்கோப்பையை மீண்டும் பெற்றது.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்தாட்டம் 1948-இல் இலண்டனில் பிரான்சு நாட்டோடு நடந்தது. 2-1 என்று தோற்றோம். அந்த ஒரு கோலை அடித்தவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன். நம் வீரருள் பலர் அன்று வெறுங்காலோடு ஆடினர். 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் பெங்களூர் அருமைநாயகம் இருந்தார். இப்பெயர்களைக் கேட்கும்போதே இம்மண்ணின் கால்பந்தில் தமிழர்க்குள்ள பங்கு விளங்கும்.

இவர்களை நான் நினைவூட்டுவது, ஒவ்வொரு குழந்தையையும் ஒலிம்பிக் வீரனாக்குவதற்கன்று. தெருவே பள்ளியாக இருந்த காலத்தில் அவர்கள் கற்றார்கள். நாள்தோறும் பல மணி நேரம் பந்து அவர்கள் காலடியில் கிடந்தது. இன்று தெருக்களை வண்டிகள் நிறைத்துவிட்டன. வெற்றிடங்களில் வீடுகள் எழுந்துவிட்டன. தெரு இழந்ததைப் பள்ளி ஈடுசெய்யவில்லையென்றால் வேறு யார் செய்வார்?

களமும் கருவியும்

பெரியவர் ஆடும் களம் 90 முதல் 120 மீட்டர் வரை நீளம் உடையது. கோல் வாயில் 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் கொண்டது. ஒன்பது வயதுக் குழந்தைக்கு இவை எதற்கு? பெரியவர் சட்டையைக் குழந்தைக்கு அணிவித்தது போலத்தான் இருக்கும். நீளம் 25 மீட்டரும் அகலம் 15 மீட்டரும் உள்ள ஓரிடம் நால்வர்க்கு நால்வர் ஆடப் போதும். ஒரு கூடைப்பந்துக் களத்தளவு இடம் இருந்தால் இதனை அமைத்துக்கொள்ளலாம்.

பந்திலும் அளவு உண்டு. பெரியவர் பந்து ஐந்தாம் எண். சுற்றளவு 68 முதல் 70 செண்டிமீட்டர். எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை நான்காம் எண் பந்தும், அதற்கும் இளையோர்க்கு மூன்றாம் எண் பந்தும் ஏற்றவை. பெரிய பந்தைச் சிறுகாலால் உதைத்தால் கணுக்கால் நோகும். நோவு அச்சத்தை வளர்க்கும். அச்சம் கொண்ட குழந்தை பந்து வரும்போது முகத்தைத் திருப்பும்.

'பத்துப் பந்துக்குப் பணம் ஏது?' என்பது நியாயமான கேள்வி. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு, பள்ளிகளுக்கான கால்பந்துத் திட்டத்திற்காக 2022-ஆம் ஆண்டு இந்திய அரசோடு உடன்படிக்கை செய்து, பள்ளிகளுக்குப் பந்துகளை வழங்கியிருக்கிறது. நம் பள்ளிக்கு வரும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, இறுக்கிச் சுருட்டி, பழங்காலுறை ஒன்றில் திணித்து, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் ஒரு பந்து ஆயிற்று. குழந்தைகளைக் கொண்டே ஒரு பாடவேளையில் பன்னிரண்டு துணிப்பந்துகள் செய்தோம். செலவு சணல் கயிற்றிற்கு மட்டும். துணிப்பந்திற்கு ஒரு நற்குணமும் உண்டு. அது அதிகம் துள்ளாது, வெகுதூரம் ஓடாது. தொடக்க நிலையில் கற்பவர்க்கு அதுவே நல்ல பந்து.

பாதுகாப்புக் குறித்துச் சில சொற்கள். ஆட்டம் தொடங்குமுன் வகுப்பு முழுவதும் வரிசையாக நடந்து கல்லையும் கண்ணாடித் துண்டையும் நெருஞ்சி முள்ளையும் பொறுக்க வேண்டும். வெறுங்காலுடன் ஆடுவதானால் அனைவரும் வெறுங்காலுடன் ஆட வேண்டும். காலணியுடன் என்றால் அனைவரும் காலணியுடன். காலணிக்காரன் வெறுங்காலை மிதித்தால் விரல் நசுங்கும். இரும்புக் கோல் கம்பங்கள் தரையில் உறுதியாகப் பதிக்கப்படாமல் இருந்தால் அவற்றை அணுகவே விடக்கூடாது. அவை சாய்ந்து குழந்தைகள் உயிரிழந்தது உலகின் பல இடங்களில் நிகழ்ந்துள்ளது. இரண்டு செங்கல் போதும் கோலுக்கு.

வயதும் வரிசையும்

ஆறு, ஏழு வயதுக் குழந்தைக்குப் பந்து 'என் பந்து'. பிறனுக்குக் கொடு என்றால் அதற்குப் பொருள் விளங்காது. ஆதலின், ஒன்றாம் இரண்டாம் வகுப்பில் ஆளுக்கொரு பந்து கொடுத்துத் தனியே பழகவிட வேண்டும். எட்டு, ஒன்பது வயதில் குழந்தை ஒரு துணையை ஏற்கிறது. இருவர் இருவராகக் கற்பிக்கும் பருவம் அது. பத்து வயதில்தான் மூவர், நால்வர் சேர்ந்து சிந்திக்கும் ஆற்றல் முளைக்கிறது. இவ்வரிசையை மீறி, ஆறு வயதினரைப் பதினொருவர் அணியாக நிறுத்தி, 'நீ இடப்புறம், நீ நடுவில்' என்றால், எல்லாரும் பந்தைச் சுற்றித் தேனீக் கூட்டம் போல் மொய்ப்பார்கள். அது குழந்தைகளின் குற்றமன்று, பாடத்தின் குற்றம்.

அடிப்படைத் திறன்கள்

முதலாவது, பந்தோடு பழகுதல். பந்தின் மீது வலப்பாதத்தை மெல்ல வை; எடு; இடப்பாதத்தை வை; எடு. இதனையே தாளத்தோடு மாறிமாறிச் செய்ய வேண்டும். பின்னர் இரு பாதங்களின் உட்பக்கத்திற்கும் இடையே பந்தை ஊசல் போல ஆடவிட வேண்டும். இவ்விரண்டும் நாளும் மூன்று நிமிடம் போதும். இடக்காலும் வலக்காலும் ஒத்துப் பழக வேண்டியது இப்போதுதான். பன்னிரண்டு வயதுக்குப் பின் இடக்காலைப் பழக்குவது கடினம்.

இரண்டாவது, உருட்டிச் செல்லுதல். பந்தை அடித்துவிட்டுத் துரத்துவது உருட்டுதல் ஆகாது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு தொடுதல். பந்து காலிலிருந்து ஒரு முழத்திற்கு மேல் விலகக் கூடாது. கண் பந்தை மட்டுமே பார்த்தால் எதிரில் வருவோன் மேல் மோத நேரும். ஆகவே, ஆசிரியர் எதிரே நின்று கைவிரல்களை உயர்த்திக் காட்ட வேண்டும். உருட்டிக்கொண்டே குழந்தைகள் அவ்வெண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். தலை தானாக நிமிரும். 'தலையை நிமிர்த்து, தலையை நிமிர்த்து' என்று நூறு முறை கூவுவதைவிட இவ்வழி நன்று.

மூன்றாவது, தள்ளிக் கொடுத்தல். இதுவே கால்பந்தின் உயிர். பாதத்தின் உட்பக்கம், பெருவிரல் மூட்டிற்கும் குதிகாலுக்கும் இடைப்பட்ட அகன்ற பகுதி, இதற்கு உரியது. செய்முறை இது: ஊன்றும் கால் பந்தின் பக்கத்தில் ஒரு சாண் தொலைவில் இருக்க வேண்டும்; அதன் விரல்கள் பந்து போக வேண்டிய திசையைக் காட்ட வேண்டும்; தள்ளும் காலின் கணு இறுகியிருக்க, விரல்கள் சற்றே மேல்நோக்கியிருக்க வேண்டும்; பந்தின் நடுவைத் தொட்டு, தொட்ட பின்பும் கால் அதே திசையில் தொடர்ந்து செல்ல வேண்டும். பந்து கோணலாகப் போனால் பெரும்பாலும் குறை தள்ளிய காலில் இராது. ஊன்றிய காலில் இருக்கும். ஆசிரியர் அதனையே முதலில் பார்க்க வேண்டும். நுனிவிரலால் குத்துவது குழந்தைகளின் இயல்பு. வெறுங்காலுடன் கற்போர்க்கு இப்பழக்கம் விரைவில் நீங்கிவிடும். விரல் வலியே ஆசிரியராகிவிடுகிறது.

நான்காவது, ஏற்று நிறுத்துதல். வரும் பந்தைச் சுவர்போல் எதிர்த்து நின்றால் அது தெறித்து ஓடும். எறியப்பட்ட முட்டையை உடையாமல் பிடிப்பவன் கையை எப்படிச் சற்றே பின்வாங்குகிறானோ, அப்படியே பந்து காலைத் தொடும் கணத்தில் காலைச் சற்றே பின்வாங்க வேண்டும். இதனை முதலில் கையால் செய்து காட்டினேன். ஒருவர் எறிய மற்றவர் கையைப் பின்வாங்கிப் பிடித்தார்கள். பின் அதனையே காலால் செய்யச் சொன்னேன். கை அறிந்ததைக் கால் விரைவில் கற்றுக்கொண்டது.

ஐந்தாவது, இலக்கு நோக்கி உதைத்தல். குழந்தைகள் மிகவும் விரும்புவது இதுவே. வலிமையைக் கேட்காமல் குறியைக் கேட்க வேண்டும். ஐந்து மீட்டர் தொலைவில் இரண்டு செங்கற்களை ஒரு மீட்டர் இடைவெளியில் நிறுத்தி, அதனூடே செலுத்தச் சொல்லலாம். குறி தப்பாதவர்க்கு இடைவெளியைக் குறைக்கலாம்; தடுமாறுவோர்க்கு அகலப்படுத்தலாம். ஒரே வகுப்பில் எல்லாருக்கும் ஒரே அளவு வேண்டும் என்பதில்லை.

ஆறாவதாகச் சொல்ல வேண்டியது, கற்பிக்க வேண்டாத ஒன்று: தலையால் முட்டுதல். வளரும் மூளைக்கு அடிக்கடி ஏற்படும் அதிர்ச்சி கேடு விளைவிக்கலாம் என்னும் அச்சத்தால், அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015-ஆம் ஆண்டு பத்து வயதுக்கு உட்பட்டோர் தலையால் முட்டுவதை விலக்கியது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2020-இல் தொடக்கப் பள்ளி வயதினரின் பயிற்சியில் அதனை நிறுத்தியது. நாமும் அவ்வழியே நிற்போம். பந்து தரையோடு செல்லட்டும்.

ஒரு பாடத்தின் அமைப்பு

நாற்பது நிமிடப் பாடவேளையை நான் நான்காகப் பிரித்துக்கொண்டேன். முதல் ஐந்து நிமிடம் உடலைச் சூடேற்றும் ஓட்டமும் தொடுபிடி ஆட்டமும். அடுத்த பதினைந்து நிமிடம் ஒரே ஒரு திறன், இரண்டு அல்ல. அடுத்த பதினைந்து நிமிடம் அத்திறன் பயன்படும் சிறு ஆட்டம். இறுதி ஐந்து நிமிடம் மெதுவாக நடத்தல், தண்ணீர் அருந்துதல், 'இன்று என்ன கற்றோம்?' என்னும் இரண்டு வினாக்கள். விளக்கவுரை எப்போதும் ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. குழந்தை காதால் கற்பதைவிடக் கண்ணால் கற்கிறது; கண்ணால் கற்பதைவிடக் காலால் கற்கிறது.

வரிசையில் நிற்கவைத்து ஒருவர்பின் ஒருவராக உதைக்கச் செய்யும் முறையை முற்றிலும் கைவிட வேண்டும். பத்துப் பேர் வரிசையில் ஒன்பது பேர் எப்போதும் சும்மா நிற்கிறார்கள். சும்மா நிற்கும் குழந்தை முன் நிற்பவன் சட்டையை இழுக்கும். ஒழுங்கின்மை என்று நாம் கடிந்துகொள்வது பெரும்பாலும் வேலையின்மையே.

சில ஆட்டங்கள்

'ஊர் மாறுதல்' எங்கள் குழந்தைகளுக்கு மிகப் பிடித்த ஆட்டம். களத்தின் நான்கு மூலைகளுக்கும் மைசூர், ஸ்ரீரங்கப்பட்டணம், நஞ்சன்கூடு, மண்டியா என்று பெயரிட்டோம். ஆளுக்கோ இருவர்க்கோ ஒரு பந்து. "நஞ்சன்கூடு!" என்றதும் எல்லாரும் பந்தை உருட்டிக்கொண்டு அம்மூலைக்குப் போக வேண்டும். வழியில் எதிர்வருவோரைத் தவிர்க்க வேண்டும். பந்தையும் இழக்கக் கூடாது. உருட்டுதலும் நிறுத்துதலும் திரும்புதலும் அவர்கள் அறியாமலே பழகிவிடுகின்றன. நிலநூலும் சிறிது சேர்கிறது.

'புலி ஆட்டம்' மற்றொன்று. ஒரு கட்டத்திற்குள் எல்லாரும் பந்தோடு உருட்டித் திரிவார்கள். பந்தில்லாத இரண்டு புலிகள் பிறர் பந்தைக் கட்டத்திற்கு வெளியே தள்ள முயலும். பந்தை இழந்தவர் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டியதில்லை. பந்தை எடுத்து வந்து பத்து முறை பாதத்தால் தொட்டுவிட்டு மீண்டும் உள்ளே வரலாம். இஃது முக்கியமான குறிப்பு. தோற்றவரை வெளியேற்றும் ஆட்டங்களில் முதலில் வெளியேறுவது யார்? பயிற்சி மிகவும் வேண்டியவர்தாம். வேண்டியவர்க்கு இல்லை, வேண்டாதவர்க்கு உண்டு என்றால் அது என்ன பாடம்?

'வாயில் கடத்தல்' இணையாக ஆடுவது. களம் முழுவதும் இரண்டிரண்டு கற்களால் பன்னிரண்டு சிறு வாயில்கள். ஒருவர் வாயிலின் இப்புறமும் மற்றவர் அப்புறமும் நின்று பந்தைக் கடத்திவிட்டு வேறு வாயிலுக்கு ஓட வேண்டும். இரண்டு நிமிடத்தில் எத்தனை வாயில் என்று எண்ணிக்கொள்வார்கள்.

இறுதியில் நால்வர்க்கு நால்வர் ஆட்டம். கோல் காப்பவர் வேண்டாம். இரண்டு மீட்டர் வாயில் போதும். காப்பவர் இருந்தால், ஓடத் தயங்கும் குழந்தையை அங்கே நிறுத்திவிட்டு மற்றவர் ஆடுவார்கள். நாற்பது பேருக்கு ஐந்து சிறு களங்கள். ஐந்து ஆட்டம் ஒரே நேரத்தில். களம் போதாவிட்டால் பாதிப்பேர் ஆட, பாதிப்பேர் பக்கத்தில் இணையாகப் பந்து கடத்தலாம்.

மொழி

தமிழ் மாணவனாகிய நான் கன்னடக் குழந்தைகளுக்கு எப்படிக் கற்பித்தேன் என்று நண்பர்கள் கேட்டதுண்டு. களத்தில் வேண்டிய சொற்களை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. ஓடு என்றால் அங்கும் ஓடு. கால் அங்கும் காலே. நில் அங்கு நில்லு. நம் வகரம் அங்குப் பகரமாகிறது. வா என்பது பா, வலம் என்பது பல. இடம் என்பது எட. பார் என்பதற்கு நோடு; நம் நோக்கு அதன் உறவு. பந்து அவர்க்குச் செண்டு. பூச்செண்டு என்று நாம் இன்றும் சொல்லும் சொல்லே அது. பந்து என்னும் பொருளும் தமிழில் அதற்கு உண்டு. விரல் காட்டும் பயிற்சியில் ஒந்து, எரடு, மூரு என்று அவர்கள் கூவ, ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் திருப்பிச் சொன்னேன். மூன்றாம் வாரத்தில் அவர்கள் இரு மொழியிலும் எண்ணினார்கள். அயலூரில் வாழும் நமக்கு இதனைவிட நல்ல மொழிப்பாடம் கிடைப்பது அரிது.

படியில் அமர்ந்தவர்

திண்ணைப் படியில் அமர்ந்திருந்த பதினெட்டுச் சிறுமியரை மறந்துவிடவில்லை. "அவர்களுக்கு இது ஒத்துவராது, வேறு ஏதாவது ஆடட்டும்" என்று பள்ளியில் ஒருவர் அன்போடுதான் சொன்னார். ஆனால், பந்து பெண்களுக்கு உரியதன்று என்று எந்தக் காலத்தில் யார் முடிவு செய்தது? திருக்குற்றாலக் குறவஞ்சியில் பந்தாடுபவள் வசந்தவல்லி என்னும் பெண்ணே அல்லவா? நம் இலக்கியத்தில் பந்து மகளிர் கையிலேதான் மிகுதியும் இருந்தது. நாம் அதனை வாங்கிக்கொண்டுவிட்டு, 'உங்களுக்கு ஒத்துவராது' என்கிறோம்.

'வாருங்கள்' என்று அழைத்தால் மட்டும் அவர்கள் வந்துவிடமாட்டார்கள். நாற்பது பேர் நடுவே ஒரு பந்தைத் தேடி ஓட யார்தான் துணிவார்? ஆளுக்கொரு பந்து வந்த பிறகு, அழைக்காமலே இறங்கினார்கள். அவர்களுள் ஒரு சிறுமி முதல் மூன்று பாடங்களில் துணிப்பந்தைக் காலால் தொடாமல் கையிலேயே வைத்திருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் பாடத்தில் 'ஊர் மாறுதல்' நடந்தபோது பந்தைக் கீழே வைத்தாள். எட்டாம் வாரத்தில் வாயில் கடத்தலில் அவளும் அவள் இணையும் இரண்டு நிமிடத்தில் பதினேழு வாயில் கடந்தார்கள். அன்று வகுப்பில் அதுவே மிகுதி. முன்பு பந்தைச் சூழ்ந்து ஓடிய பத்துப் பேருள் ஒருவன் வந்து, "நாளை நான் அவளோடு இணை" என்று கேட்டான். என் இருபது பாடங்களில் நான் பெற்ற பெரும் பயன் அக்கேள்வியே எனலாம்.

மதிப்பீடு

விளையாட்டிலும் மதிப்பீடு வேண்டும். ஆனால் யார் முதல், யார் கடை என்னும் மதிப்பீடு வேண்டாம். ஒவ்வொரு குழந்தைக்கும் ஏட்டில் நான்கு வரி போதும். ஐந்து கற்களைச் சுற்றி உருட்டிவர எத்தனை விநாடி? ஐந்து மீட்டரில் ஒரு மீட்டர் வாயிலுக்குள் பத்து முறையில் எத்தனை முறை? வந்த பந்தைப் பத்தில் எத்தனை முறை காலடியில் நிறுத்தினாள்? துணையோடு எப்படி ஆடினாள்? இதனை முதல் வாரத்திலும் ஐந்தாம் வாரத்திலும் பத்தாம் வாரத்திலும் எழுத வேண்டும். குழந்தையை நேற்றைய தன்னோடு மட்டும் ஒப்பிட வேண்டும். முதல் வாரத்தில் இரண்டு, பத்தாம் வாரத்தில் ஆறு என்று காட்டினால், எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போனவனைவிட அக்குழந்தை கற்றது மிகுதி என்பது அதற்கே விளங்கும்.

தேர்வு நெருங்கும்போது விளையாட்டு வேளையைக் கணக்கிற்குக் கேட்பார்கள். கேட்பவர் மேல் சினம் கொள்ளப் பயனில்லை. அவர்க்கும் மேலிருந்து நெருக்கடி உண்டு. அந்த ஏட்டை எடுத்துக் காட்டுங்கள். வரிசையும் பதிவும் உள்ள பாடத்தை எளிதில் எடுத்துக்கொள்ள எவருக்கும் மனம் வராது. வெறும் பந்தும் கூச்சலும் உள்ள வேளையைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

தோழர்களே! 1920-ஆம் ஆண்டு ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கியபோது, விளையாட்டும் கற்பிக்கத்தக்க ஒரு கல்வி என்பது நம் நாட்டில் புதுக்கருத்து. நூறாண்டு கடந்தும் அக்கருத்துத் தொடக்கப் பள்ளியின் வாசலை முழுதும் தாண்டவில்லை. தாண்டச் செய்வது நம் கடமை. நாளை நீங்கள் எந்த ஊரில் எந்த வகுப்பை ஏற்றாலும், முதல் விளையாட்டு வேளையில் ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள்: இன்று பந்தைத் தொடாத குழந்தைகள் எத்தனை பேர்? அவ்வெண் நாளுக்கு நாள் குறையுமாறு பாடத்தை அமையுங்கள். அது சுழியானால், நீங்கள் கால்பந்து கற்பிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள்.